அஸ்வெசும: மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களையும் கேளுங்கள்

2023 ஜூலை மாதத்தின் முதல் கிழமை. நீர்வேலியில் நான் படிப்பிக்கும் பாடசாலையின் வாசலில் காலை ஏழு மணிக்கே ஒரு தாய் வந்து நின்றார். பக்கத்து ஊர்க்காரர். வாழைத் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போகிறவர். அவருடைய இரண்டு பிள்ளைகள் எங்களிடம் படிக்கிறார்கள். பிள்ளைகள் பாடசாலைக்கு வருகிறார்கள் என்று அதிபரிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும், மேன்முறையீட்டோடு வைக்கப் போகிறேன் என்றார். ஜூலை 10 கடைசித் திகதி. அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"டீச்சர், எங்கட பெயர் லிஸ்டில இல்லையாம். ஆர் எடுத்ததெண்டு கேட்டால், கம்பியூட்டர் எடுத்ததாம்" என்றார்.

கடிதத்தை வாங்கிக் கொடுத்தேன். அடுத்த சில நாட்களில் இப்படி ஏழெட்டுத் தாய்மார் வந்தார்கள். அப்போது எனக்கு இருந்த கோபமெல்லாம் அலுவலகங்களில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் மேல்தான். ஏழையின் பெயரை வெட்டுவதற்கு இவர்களுக்கு எப்படி மனம் வந்தது என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம்.

சில மாதங்களுக்குப் பிறகு என்னோடு உயர்தரம் படித்த தோழி ஒருத்தியைக் கலியாண வீடொன்றில் சந்தித்தேன். இருபது வருடமாகச் சமுர்த்தி உத்தியோகத்தராக இருக்கிறாள். எந்தப் பிரதேசம் என்பதை இங்கே சொல்லவில்லை. அவளைச் சிக்கலில் மாட்டிவிட எனக்கு விருப்பமில்லை. அஸ்வெசும பற்றிக் கேட்டபோது அவள் சொன்னது இதுதான்: "முந்தி நான் போனால் சனம் பாய் விரிச்சுத் தேத்தண்ணி தரும். இப்ப கண்டால் முகத்தைத் திருப்புது. அந்த லிஸ்டை நான் போடவே இல்லையெண்டு சொன்னால் ஒருத்தரும் நம்பினமில்லை."

அந்தத் தாயின் குறையும் என் தோழியின் குறையும் ஒரே குறையின் இரண்டு பக்கங்கள் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. சமூக நலத் திட்டம் மறுசீரமைக்கப்படும்போது பயனாளிகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அதைச் செய்கிற ஊழியர்களுக்கு என்ன நடக்கிறது, அலுவலகத்தின் சூழல் எப்படி மாறுகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. அந்தச் சூழல் கெட்டால் முதலில் அடிபடுவது ஏழைதான் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது.

பெயர்ப்பலகைகளின் வரலாறு

இந்த நாட்டில் வறுமை ஒழிப்புத் திட்டம் அரசாங்கத்தோடு சேர்ந்து பெயர் மாறும். 1989இல் ஜனாதிபதி பிரேமதாச ஜனசவியவைக் கொண்டுவந்தார். 1995இல் சந்திரிகா குமாரதுங்க அதன் இடத்தில் சமுர்த்தியைக் கொண்டுவந்தார். போரினால் வடக்குக்கு அது தாமதமாகவே வந்து சேர்ந்தது. பிறகு மகிந்த ராஜபக்சவின் காலத்தில் திவிநெகும வந்தது. 2013ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் சமுர்த்தி அதிகாரசபை, தென்மாகாண அபிவிருத்தி அதிகாரசபை, மலைநாட்டு அபிவிருத்தி அதிகாரசபை ஆகிய மூன்றும் ஒரே திணைக்களமாக்கப்பட்டன.

அந்தச் சட்டமூலத்துக்கு மாகாண சபைகளின் சம்மதம் தேவை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அப்போது வடக்கில் தெரிவு செய்யப்பட்ட மாகாண சபையே இருக்கவில்லை. தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். சட்டமோ ஜனவரியிலேயே நிறைவேறிவிட்டது. ஒரு மறுசீரமைப்பு நம்மைக் கேட்காமலே நம் வாசலுக்கு வருவது எங்களுக்குப் புதிதல்ல. 2015இல் ஆட்சி மாறிய பிறகு அதே திணைக்களம் சமுர்த்தி அபிவிருத்தித் திணைக்களம் என்ற பெயரைப் பெற்றது.

இவ்வளவு பெயர் மாற்றங்களிலும் மாறாமல் இருந்த ஒன்று உண்டு. கிராமத்துக்கு ஒரு களப்பணியாளர் இருந்தார். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்த வீட்டுக் கணவன் வெளிநாடு போய்த் தொடர்பில்லாமல் போனான், எந்தக் கிழவிக்கு மகன் இருந்தும் இல்லாத மாதிரி என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த அறிவு எந்தக் கோப்பிலும் இருக்கவில்லை.

2023இல் என்ன நடந்தது?

பொருளாதார நெருக்கடியில் நாடு விழுந்தபோது வறுமை ஒரே வருடத்தில் ஏறத்தாழ இரட்டிப்பானது. உலக வங்கியின் கணிப்பின்படி 2021இல் 13.1 வீதமாக இருந்த வறுமை 2022இல் 25 வீதமானது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் திட்டம் அங்கீகரிக்கப்பட்டது. சமூகப் பாதுகாப்பு முறையைத் திருத்துவதும் அதன் நிபந்தனைகளில் ஒன்று. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் நலன்புரி நன்மைகள் சபை அஸ்வெசுமவை நடைமுறைப்படுத்தத் தொடங்கியது.

முறை இதுதான். விண்ணப்பம் வாங்கப்படும். உத்தியோகத்தர் ஒருவர் வீட்டுக்கு வந்து கேள்விகளுக்கான பதில்களைப் பதிவார். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு பிரிவுகளில் 22 குறிகாட்டிகள் இருக்கும். புள்ளிகளைக் கணினி கூட்டும். அதன்படி குடும்பங்கள் நான்கு வகையாகப் பிரிக்கப்படும். தொடக்கத்தில் மாதம் 2,500 ரூபாய் முதல் 15,000 ரூபாய் வரை கொடுப்பனவு இருந்தது. பணம் நேரடியாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்குப் போகும்.

சுமார் 37 இலட்சம் விண்ணப்பங்கள் வந்தன. முதற்பட்டியல் வெளியானதும் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. நான் மேலே சொன்ன தாயும் அவர்களில் ஒருவர்.

இனி மேசைக்கு அந்தப் பக்கம் போவோம். திட்டம் மாறியதும் கிராம மட்டத்தில் வேலைப் பங்கீடும் குழம்பியது. தங்களுக்குரிய வேலை இதுவல்ல, உரிய கொடுப்பனவும் பாதுகாப்பும் இல்லை என்று கிராம உத்தியோகத்தர்களின் தொழிற்சங்கங்கள் விலகி நின்றன. சமுர்த்தி உத்தியோகத்தர்களும் பல இடங்களில் பங்கெடுக்கவில்லை. அவர்களுடைய பயம் வேறு: திணைக்களமே இல்லாமல் போய்விடுமா, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமுர்த்தி வங்கிகளின் கதி என்ன, நாங்கள் எங்கே போவது? எனவே கணக்கெடுப்புக்கு அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் போன்ற வேறு உத்தியோகத்தர்கள் அனுப்பப்பட்டார்கள். 2020க்குப் பிறகு பயிலுநர்களாகச் சேர்க்கப்பட்ட பட்டதாரிகளும் அவர்களில் இருந்தார்கள். அந்தக் கிராமத்தை முன்பின் அறியாத பிள்ளைகள் கையில் தொலைபேசியோடு படலையில் நின்று, "அம்மா, உங்கட வீட்டில எத்தனை அறை?" என்று கேட்டார்கள்.

இதன் விளைவாக ஓர் அலுவலகத்திலேயே மூன்று விதமான மனத்தாங்கல்கள் உருவாகின. வீடுகளை அறிந்தவருக்குப் பட்டியலில் அதிகாரம் இல்லை. பட்டியலுக்குத் தகவல் எடுத்தவருக்கு வீடுகள் தெரியாது. மக்களுக்குப் பதில் சொல்லக் கதிரையில் உட்கார்ந்திருந்தவருக்குப் புள்ளி எப்படி வந்தது என்றே தெரியாது. அப்படியிருக்க மூவரும் ஒருவரை ஒருவர் குறை சொல்வது இயற்கை. வரிசையில் நின்ற மக்கள் மூவரையும் ஏசினார்கள்.

என் தோழி இன்னொன்றும் சொன்னாள். ஒரு விதவைப் பெண் அவளிடம் வந்து அழுதிருக்கிறார். அந்த வீட்டின் நிலை இவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் செய்ய முடிந்ததெல்லாம் மேன்முறையீட்டுப் படிவத்தை எங்கே பெறலாம் என்று சொல்வது மட்டும்தான். "அண்டைக்கு வீட்டுக்கு வந்து நான் சாப்பிடேல்லை" என்றாள். வேலைத் திருப்தி என்ற சொல்லை நாங்கள் சம்பளத்தோடு மட்டும் சேர்த்துப் பார்க்கிறோம். உதவுவதற்காக வேலைக்கு வந்த ஒருவரால் உதவ முடியாமல் போவதைவிடப் பெரிய அதிருப்தி எதுவும் இல்லை.

மாற்றத்தைவிட நிச்சயமின்மை கொல்லும்

இது எங்கள் நாட்டுக் கதை மட்டுமல்ல. இங்கிலாந்தில் 1985இல் தொடங்கப்பட்ட 'வைட்ஹோல் 2' ஆய்வு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரச ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. தன் வேலையில் தனக்குச் சொல்லும் உரிமை குறைந்தவர்களிடம் இதய நோய் அதிகமாகக் காணப்பட்டது அதன் பெயர்பெற்ற முடிவு. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. அரச திணைக்களம் ஒன்று தனியார்மயமாகப் போகிறது என்று அறிவிக்கப்பட்ட பிறகு, மாற்றம் நடப்பதற்கு முன்பே, அந்த ஊழியர்கள் தங்கள் உடல்நலம் குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். வேறு திணைக்களங்களில் இருந்தவர்களிடம் அந்த அளவுக்கு அது காணப்படவில்லை. வேலை போவதற்கு முன்னரே, போய்விடுமோ என்ற எண்ணம் மனிதனைத் தின்னத் தொடங்கிவிடுகிறது.

ஆசிரியர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நான் கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றவள். பாடத்தை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பதும் வகுப்பில் இருக்கும் பிள்ளையைத் தெரிந்து வைத்திருப்பதும் இரண்டு வேறு அறிவுகள் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். அதன் பிறகு எத்தனையோ சுற்றறிக்கைகள் வந்தன. "எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அடுத்த நாள் முதல் சுற்றறிக்கையில் உள்ளதை மட்டும் செய்வோம். அதற்கு மேல் ஒரு அடி வைக்க மாட்டோம். அந்த ஒரு அடியில்தான் பின்தங்கிய பிள்ளை இருக்கிறது.

சமூகசேவையிலும் இதே கதைதான். சட்டத்தின்படி உத்தியோகத்தர் படிவத்தை வாங்க வேண்டும், பதிய வேண்டும், அனுப்ப வேண்டும். எழுதத் தெரியாத கிழவருக்குப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்றோ, விடுபட்ட ஆவணத்துக்காக வீடு தேடிப் போக வேண்டும் என்றோ எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மனம் நிறைந்த ஊழியர் அதைச் செய்வார். மனம் வெறுத்தவர் "நாளைக்கு வாங்கோ" என்பார். ஏழைக்கும் அரசாங்கத்துக்கும் இடையில் இருப்பது சட்டமா இந்த ஊழியரா என்று கேட்டால், பெரும்பாலும் இந்த ஊழியர்தான்.

அவுஸ்திரேலியா கற்ற பாடம்

கணினிக்கும் ஊழியருக்கும் இடையிலான உறவு அறுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவுஸ்திரேலியா ஓர் உதாரணம். நலன்புரிக் கொடுப்பனவு பெறுகிறவர்கள் மேலதிகமாகப் பெற்றுவிட்டார்களா என்று பார்க்கும் வேலையை முன்பு ஊழியர்கள் ஒவ்வொருவருடைய விபரத்தையும் சோதித்துச் செய்தார்கள். 2015, 2016 காலத்தில் அந்த வேலை தானியங்கி முறைக்கு மாற்றப்பட்டது. ஆண்டு வருமானத்தைச் சராசரியாக்கிப் பிரித்து, கணினி கடன் கடிதங்களை அனுப்பியது. அந்தக் கணக்கு முறையே பிழையானது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் தாங்கள் பெறாத கடனுக்குக் கடன்காரரானார்கள். இதை அங்கே 'ரோபோடெட்' என்பார்கள்.

அலுவலகத்துக்குள்ளே இருந்த ஊழியர்கள் சிலர் தொடக்கத்திலேயே இது பிழை என்று மேலிடத்துக்குச் சொன்னார்கள். கேட்கப்படவில்லை. பிழை என்று தெரிந்தும் மக்களின் அழைப்புக்கு அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய நிலை அவர்களுக்கு. 2020இல் அரசு பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. அரச ஆணைக்குழுவின் அறிக்கை 2023 ஜூலை 7ஆம் திகதி வெளியானது. நீர்வேலியில் அந்தத் தாய் அதிபரின் கடிதத்துக்காக நின்ற அதே கிழமை.

இரண்டும் ஒன்றல்ல. அங்கே கொடுத்ததைப் பறித்தார்கள். இங்கே யாருக்குக் கொடுப்பது என்று தெரிவு செய்தார்கள். ஆனால் இரண்டிலும் வீட்டையும் மனிதரையும் அறிந்த ஊழியரின் வாய் மூடப்பட்டிருந்தது.

சமுர்த்தி சுத்தமாக இருந்ததா?

இல்லை. இதை மறைத்துவிட்டுப் பேசினால் நேர்மையாகாது. சமுர்த்தி அரசியல்வாதிகளின் கைக்குள் கிடந்தது என்பது ஊரறிந்த விடயம். மாடி வீட்டுக்காரர் பட்டியலில் இருந்தார், ஓலைக் குடிசைக்காரர் வெளியே நின்றார். கூட்டத்துக்கு வராதவருடைய பெயர் வெட்டப்பட்டதாகக் குறைகள் எழுந்தன. பல குடும்பங்களுக்குக் கிடைத்த தொகை ஒரு கிழமை அரிசிக்கே காணாது. உத்தியோகத்தர்களின் எதிர்ப்பிலும் எல்லாம் மக்கள் நலன் என்று சொல்லிவிட முடியாது. கையில் இருந்த அதிகாரம் போகிறதே என்ற ஆதங்கமும் அதில் கலந்திருந்தது.

எனவே மாற்றம் தேவைப்பட்டது. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பது நல்ல நோக்கம். உத்தியோகத்தருக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சுக்கு அதில் இடம் குறைவு. சிறுபான்மையினராகிய எங்களுக்கு இது சின்ன விடயமல்ல. கொடுப்பனவும் கூடியது. 2025 ஜனவரி முதல் மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாய், வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டிருக்கிறது. பழைய சமுர்த்தித் தொகையோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்.

அளவுகோலைக் கணினியிடம் கொடுத்ததில் எனக்குக் குறையில்லை. அளந்த முடிவு சரியா என்று பார்த்துச் சொல்லக்கூடியவரை வெளியே நிறுத்தியதுதான் பிழை. பக்கச்சார்பைத் தடுக்க உத்தியோகத்தரின் தன்னிச்சையை வெட்ட வேண்டும் என்பது சரி. தன்னிச்சையை வெட்டும்போது அவருடைய அறிவையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள்.

எங்களுடைய வதிவிடம் எது?

யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. நான் படித்ததும் வளர்ந்ததும் புத்தளத்தில். போர் முடிந்த பிறகு திரும்பி வந்தோம். இன்றும் எங்கள் குடும்பங்களில் பாதி இங்கே, பாதி அங்கே. உம்மா புத்தளத்தில், மகன் சோனகதெருவில். வீட்டைத் திருத்தக் காசில்லாமல் இங்கே காணியை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே கூலிக்கு இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு படிவத்துக்கு இது விளங்காது. ஒரு குடும்பம், ஒரு வீடு, ஒரு விலாசம் என்றுதான் படிவம் நினைக்கிறது. கணக்கெடுக்க வருகிறவர் புதியவராக இருந்தால், பூட்டிய வீட்டைக் கண்டு அடுத்த படலைக்குப் போய்விடுவார். பழைய உத்தியோகத்தராக இருந்தால், "அவர்கள் வெள்ளிக்கிழமை வருவார்கள், அன்று வாருங்கள்" என்று சொல்லியிருப்பார். என் நெருங்கிய உறவினர் ஒருவருக்கு நடந்தது இதுதான். அங்கே கேட்டால் இங்கே பதியச் சொன்னார்கள். இங்கே கேட்டால் அங்கே பதியச் சொன்னார்கள். இரண்டு இடத்திலும் பதில் சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்களுக்கு மேலிடத்திலிருந்து தெளிவான அறிவுறுத்தல் இல்லை. தாங்களாக முடிவெடுத்தால் நாளை விசாரணை வருமோ என்ற பயம் இருந்தது. பயந்த ஊழியர் பாதுகாப்பான பதிலையே தேடுவார். அந்தப் பதில் எப்போதும் "இல்லை" என்பதுதான்.

அதனால் உத்தியோகத்தர்களின் மனநிலை எங்களுக்குச் சம்பந்தமில்லாத தொழிற்சங்க விவகாரம் என்று இருந்துவிட முடியாது. ஒழுங்கான விலாசம் உள்ளவரைக் கணினி பார்த்துக்கொள்ளும். எங்களைப் போல இரண்டு ஊருக்கு இடையில் வாழ்பவர்களுக்கு, கேட்டு விளங்கிக்கொள்ளும் ஒரு மனிதர் தேவை.

இப்போது அடுத்த மாற்றம்

2025 ஜூலையில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பிரஜாசக்தி என்ற வறுமை ஒழிப்புத் தேசிய வேலைத்திட்டத்தைத் தொடக்கி வைத்தார். கிராம உத்தியோகத்தர் பிரிவு மட்டத்தில் சமூக அபிவிருத்தி சபைகள் அமைக்கப்படுகின்றன. நாட்டில் 14,022 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே கிராம உத்தியோகத்தர், சமுர்த்தி உத்தியோகத்தர், அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் என்று பலர் இருக்கும் இடத்தில் இன்னொரு கதிரை போடப்படுகிறது. தலைவர் நியமனங்களில் அரசியல் இருக்கிறது என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டுகின்றன. அது உண்மையா பொய்யா என்பது ஒருபுறம் இருக்கட்டும். களத்தில் உள்ள உத்தியோகத்தர் கேட்கும் கேள்வி மிக எளிமையானது: நான் இனி யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

இதற்கிடையில் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. வீடுகளைத் துப்புரவு செய்ய 25,000 ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தது. யார் பாதிக்கப்பட்டவர், யாருடைய வீட்டுக்குள் வெள்ளம் வந்தது என்று சொல்ல மீண்டும் கிராமத்தை அறிந்த உத்தியோகத்தரே தேவைப்பட்டார். சாதாரண நாளில் வேண்டாம் என்று ஒதுக்கிய அறிவை ஆபத்து நாளில் தேடிப் போகிறோம். அவரும் களைத்துப் போயிருக்கிறார். பட்டியலில் பெயர் இல்லாதவர் அவரைத்தான் ஏசுகிறார்.

என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்தவரை நான்கு விடயங்கள்.

முதலாவது, மாற்றத்தை அறிவிப்பதற்கு முன் ஊழியர்களுக்கு அவர்களுடைய இடத்தைச் சொல்ல வேண்டும். பதவி இருக்குமா, ஓய்வூதியம் என்ன, யாருக்குக் கீழே வேலை என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, கணினி தரும் பட்டியல் வெளியாகும் முன் அந்தக் கிராமத்தில் வேலை செய்த உத்தியோகத்தர் அதைப் பார்த்துக் கருத்து எழுத ஓர் இடம் வேண்டும். பெயரைச் சேர்க்கவோ வெட்டவோ அவருக்கு அதிகாரம் தேவையில்லை. "இந்த வீட்டை மீண்டும் பாருங்கள்" என்று காரணத்தோடு எழுதினால் போதும். எழுதியதற்கு அவரே பொறுப்பு. அப்போது பக்கச்சார்புக்கும் இடம் குறையும், அறிவும் வீணாகாது.

மூன்றாவது, மக்களுக்கு முன்னால் உட்காரும் ஊழியருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். ஒரு குடும்பம் ஏன் தெரிவாகவில்லை என்பதைத் தமிழில், நாலு வரியில், கையில் கொடுக்க முடிய வேண்டும். காரணம் சொல்லப்பட்ட ஏழை கவலைப்படுவார், ஆனால் ஏசமாட்டார். "கம்பியூட்டர் எடுத்தது" என்பது காரணமல்ல.

நான்காவது எங்களுக்கு. வரிசையில் நிற்கும்போது எங்களுக்கு முன்னால் இருப்பவர் அந்த முடிவை எடுத்தவரா என்று ஒருமுறை யோசிப்போம். பெரும்பாலும் அவர் எடுத்திருக்க மாட்டார். குறையை எழுத்தில், மேன்முறையீடாக, உரிய இடத்துக்கு அனுப்புவோம். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் வேலையை ஆசிரியர்களும் பள்ளிவாசல் இளைஞர்களும் பொறுப்பெடுக்கலாம். ஜூலை மாதத்தின் அந்த நாட்களில் எங்கள் பாடசாலையில் நாங்கள் சிலர் இடைவேளையில் இருந்து படிவம் நிரப்பிக் கொடுத்தோம். பெரிய காரியம் ஒன்றுமில்லை, ஒரு பேனாதான் செலவு.

எங்கள் வீட்டுக்குள்ளும் பார்ப்போம்

அரசாங்கத்தைப் பற்றிப் பேசுவது சுலபம். எங்கள் ஊர்களிலும் பள்ளிவாசல் நிர்வாகம் மாறும்போது என்ன நடக்கிறது? பழைய நிர்வாகத்தில் ஸகாத் பங்கிட்டவர் ஒதுக்கப்படுகிறார். அவருடைய கொப்பி கேட்கப்படுவதில்லை, அல்லது அவர் கோபத்தில் கொடுப்பதில்லை. புதியவர்கள் புதிதாகப் பட்டியல் எடுக்கிறார்கள். கேட்கக் கூச்சப்படும் வீடு, வெளியே தெரியாமல் வருடா வருடம் உதவி பெற்று வந்த வீடு, அந்த வருடம் விடுபட்டுப் போகிறது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. அறிந்தவரிடம் கேட்காததால் வந்த விளைவு.

ஏழையைப் பற்றிய அறிவு ஓர் அமானிதம். அதைச் சுமப்பவர் சமுர்த்தி உத்தியோகத்தராக இருந்தாலும் பள்ளிவாசல் முஅத்தினாராக இருந்தாலும், மாற்றம் வரும் நாளில் அவரை மரியாதையோடு உட்கார வைத்து, "உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும்.

அந்தத் தாயின் மேன்முறையீடு பிறகு ஏற்றுக்கொள்ளப்பட்டது. மீள்பரிசோதனைக்கு வந்த உத்தியோகத்தர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, அடுப்படியைப் பார்த்து, பிள்ளைகளோடு கதைத்துவிட்டுப் போனாராம். "அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை டீச்சர்" என்றார் தாய். அந்தப் பிள்ளைக்கு அன்று என்ன சம்பளம், யார் மேலதிகாரி, அடுத்த மாதம் எங்கே மாற்றம் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. அடுத்த படலைக்குப் போகும்போதும் அவர் அதே மனதோடு போக வேண்டும் என்றால், அதையும் யாராவது கேட்க வேண்டும்.